பெயர் எழுதாத பிள்ளைகள்

பார்லோ நகர், கென்டக்கி
பிப்ரவரி 8, 1998

அன்புத் தங்கை கார்லீனுக்கு,

இங்கே நானும் ராயும் சுகம். உன் கடைவாய்ப் பல் வலி எப்படி இருக்கிறது? சிறை மருத்துவர் பார்த்தாரா, இல்லை இன்னும் ஆஸ்பிரினைக் கொடுத்தே ஓட்டுகிறார்களா? ராய்க்கு இருமல் விட்டபாடில்லை. அவர் சுரங்கத்தை விட்டார், சுரங்கம் அவரை விடவில்லை.

ஒரு செய்தி. வேறு யாராவது சொல்லி நீ கேள்விப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வீட்டிலிருந்து எடுக்கப்பட்டு வளர்ப்பு வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்காக நீதிமன்றத்தில் பேச, நம் மாவட்டத்தில் ஆட்களைச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. வக்கீலும் இல்லை, நலத்துறை ஆளும் இல்லை. பிள்ளையைப் போய்ப் பார்த்து, பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் பெற்றவர்களிடமும் விசாரித்து, அந்தப் பிள்ளைக்கு எது நல்லது என்று நீதிபதிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பல் மருத்துவமனை வேலை முடிந்ததும் மாலை வகுப்புக்குப் போய்வந்தேன். போன வாரம் கையை உயர்த்திச் சத்தியமும் செய்துவிட்டேன்.

நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

எனக்குக் கொடுத்திருப்பது ஒரு அக்காவும் தம்பியும். பெயர் எழுத மாட்டேன். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு மூன்று. அவன் நெடுஞ்சாலை ஓரம் டயப்பரோடு நடந்துகொண்டிருந்தபோது ஒரு லாரிக்காரர் பார்த்துத் தூக்கி வந்தார். அம்மா வீட்டுக்குள் மாத்திரை மயக்கத்தில் கிடந்திருக்கிறாள். பெரியவள் அந்த நேரம் பள்ளியில். இப்போது இருவரும் இங்கே பார்லோவிலேயே பெர்னீஸ் என்ற அம்மாளின் வளர்ப்பு வீட்டில் இருக்கிறார்கள். ராத்திரி தம்பியின் ஷூவைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் இவள் படுக்கிறாளாம். ஷூ போடாமல் அவனை யாரும் எங்கேயும் கூட்டிப் போக முடியாது, எடுக்க வந்தால் தனக்கு முழிப்பு வந்துவிடும் என்பது அவள் கணக்கு.

என்னைப் பார்த்ததும் கேட்டாள். “மிஸ் நெல்டா, நீங்க யாரு பக்கம்?”

“உன் பக்கம்தாம்மா.”

“என் பக்கமா, எங்க பக்கமா?”

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அக்கா
நெல்டா

*

மகளிர் சிறை
பிப்ரவரி 22

நெல்டா அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் அப்படியேதான் இருக்கிறது. வீக்கம் வடிந்துவிட்டது, வலி வடியவில்லை. என்னைச் சமையலறையிலிருந்து சலவைக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். குளிர்காலத்துக்கு அது நல்ல இடம்தான், சூடாக இருக்கிறது.

உன் புது வேலைக்கு வாழ்த்து எழுத வேண்டுமா? என்னால் முடியாது. என் வழக்கிலும் உன்னைப் போல் ஒருத்தி வந்தாள். முத்துத் தோடு, கையில் ஒரு அட்டை. என் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். “பால் இல்லயே”ன்னு கேட்டாள். “காலையிலதான் தீந்துச்சு”ன்னேன். எழுதிக்கொண்டாள். அவள் என்ன எழுதினாள் என்று நீதிமன்றத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. என் பையன்கள் ப்ரெண்டும் கோடியும் இப்போது எந்த ஊரில், யார் வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தோட்டை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது நீ டெக்சாஸில் இருந்தாய். நான்தான் உனக்குச் சொல்லவில்லை. அதற்காக உன்னை நான் குறை சொன்னதில்லை. ஆனால் இப்போது ஊரார் பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிற கதையை எனக்கு எழுதாதே. ராய் அத்தானின் இருமல், பக்கத்து வீட்டு நாய், மாதாகோயில் சண்டை, அதையெல்லாம் எழுது. படிக்கிறேன்.

கார்லீன்

*

பார்லோ நகர்
மார்ச் 19

அன்புள்ள கார்லீனுக்கு,

நலம், நலமறிய ஆவல். பக்கத்து வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டிருக்கிறது. மாதாகோயிலில் பியானோ யார் வாசிப்பது என்று இன்னும் சண்டை ஓயவில்லை. நீ கேட்டதை எழுதிவிட்டேன்.

இனி நீ கேட்காதது. கோபப்பட்டாலும் படித்துவிட்டுக் கோபப்படு. நேற்று நலத்துறை அலுவலகத்தில் அந்த அம்மா பிள்ளைகளைப் பார்க்க வந்தாள். தையல் ஆலையில் வேலை பார்த்து முதுகு போனவள். அதற்குக் கொடுத்த மாத்திரையில் பிடித்த பழக்கம். கடையில் வாங்கிய கேக் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். சின்னவன் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் தலையில் கை வைத்தாளே ஒழிய முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் முழுக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேக்கை வெட்டியது, அவனுக்கு வாய் துடைத்தது, “அம்மாவுக்கு முத்தம் குடு” என்றது எல்லாம் பெரியவள்தான்.

கூட இருந்த துறைப் பெண், “பாத்தீங்கல்ல? ஒட்டுதலே இல்ல” என்று என் காதில் சொன்னாள். எழுதியும் கொண்டாள்.

நானும் எழுத வேண்டும். என்ன எழுதுவது? பெற்றவள் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் இருந்தால் என்ன அர்த்தம்? எனக்குப் பிள்ளை இல்லை. கேட்க எனக்குத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

நெல்டா

*

மகளிர் சிறை
ஏப்ரல் 6

அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். இப்போது பரவாயில்லை. நாய்க்குட்டிகளுக்கு என்ன பெயர் வைத்தார்கள்?

ஜன்னலைப் பார்த்தாள் என்று எழுதியிருந்தாய். நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். கோடி என் மடியில் இருப்பான், நான் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முகத்தைப் பார்த்துவிட்டால் நேரம் முடிந்ததும் எழுந்து வர முடியாது. எழுந்து வரமாட்டேன் என்று கத்தினால் அடுத்த தடவை விடமாட்டார்கள். அதனால் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்ள வேண்டும். பழகியதும், ஒட்டுதல் இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

அவளிடம் வண்டி இருக்கிறதா என்று கேள். சிகிச்சைக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று கேள். எனக்கு மலை தாண்டி அடுத்த மாவட்டம் போக வேண்டியிருந்தது, பஸ் கிடையாது. வரவில்லை, வரவில்லை என்று குறித்துக்கொண்டே இருந்தார்கள். எப்படி வருவாய் என்று யாரும் கேட்கவில்லை.

இவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதற்கு மேல் கேட்காதே.

உன் தங்கை
கார்லீன்

*

பார்லோ நகர்
ஜூன் 11

கார்லீன்,

உடம்பு எப்படி இருக்கிறது? இரண்டு மாதமாக நான் எழுதவில்லை. முதலில் நல்லது நடந்துகொண்டிருந்தது, எழுதினால் கண் பட்டுவிடுமோ என்று சும்மா இருந்தேன்.

நீ சொன்னபடி கேட்டேன். அவளிடம் வண்டி இல்லை. மாதாகோயில் வேனில் வாரம் மூன்று நாள் கூட்டிப் போக ஏற்பாடு செய்தேன். போனாள், கார்லீன். ஏப்ரல் பாதியிலிருந்து ஒரு மாதம் விடாமல் போனாள். முகத்தில் ரத்தம் ஊறியது. ஒருநாள் சின்னவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப யோசிக்கலாம் என்று என் அறிக்கையில் எழுதினேன்.

மே கடைசியில் மருந்துக்கடை வாசலில் அவளைப் பிடித்தார்கள். கையில் பொய் மருந்துச்சீட்டு. ஏற்கெனவே நன்னடத்தையின் பேரில் வெளியே இருந்தவள். மாவட்டச் சிறையில் வைத்திருக்கிறார்கள், வருஷக்கணக்கில் ஆகும் என்கிறார்கள்.

அதோடு போகவில்லை. பெர்னீஸ் அம்மாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னாள். “சின்னவன நான் தத்தே எடுத்துக்கிறேன். எனக்கு அவன் உசுரு. ஆனா அவள என்னால முடியாது, நெல்டா. அலமாரியில ரொட்டிய ஒளிச்சு வெக்கிறா. நான் அவனுக்கு ஊட்டுனா தட்டப் புடுங்குறா. ‘உனக்கு ஒண்ணும் தெரியாது’ங்குறா. அவ இருக்குற வரைக்கும் அவன் எனக்குப் புள்ளையா ஆக மாட்டான்.”

கெட்டவள் இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னாள்.

துறையில் ஒரு மனோதத்துவ நிபுணரைக் கூப்பிட்டார்கள். இவள் அக்காவாக இல்லாமல் அம்மாவாக இருக்கிறாள், இருவரையும் பிரிப்பது இருவருக்கும் நல்லது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நான் எழுதியது எடுபடவில்லை. போன திங்கட்கிழமை பெரியவளை வேறு மாவட்டத்துக்குக் கொண்டு போனார்கள். அவள் கத்தவே இல்லை. காரில் ஏறும்போது அவன் ஷூவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். துறைப் பெண் பார்த்துவிட்டு வாங்கித் திருப்பிக் கொடுத்தாள். “அவனுக்கு வேணும்ல, செல்லம்” என்றாள். அப்போதுதான் கத்தினாள்.

எனக்கு வேலையில் கவனம் இல்லை. ராய் என்னைப் பார்த்தாலே அறையை விட்டுப் போய்விடுகிறார். ஏதாவது எழுது.

நெல்டா

*

பார்லோ நகர்
ஜூலை 23

கார்லீன்,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சிறைக்குப் போன் செய்தேன், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். என் மேல் கோபமா? உடம்பு சரியில்லையா? எதுவானாலும் ஒரு அட்டை போடு.

பெரியவளை இப்போது மூன்றாவது வீட்டில் வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார வைத்தால், “அவன் சாப்டானா?” என்று கேட்கிறாள். தெரியாது என்றால் இவள் சாப்பிட மறுக்கிறாள். அந்த வீட்டுக்காரி, “சாப்டான்னு பொய் சொல்லிட்டேன், அப்பவும் என்ன சாப்டான்னு கேக்குறா” என்றாள்.

சனிக்கிழமை அங்கிருந்து கிளம்பி நெடுஞ்சாலையில் நடந்திருக்கிறாள். வெயிலில், பாலம் தாண்டி, பெட்ரோல் பங்க் வரை. அங்கே போய் ஷெரிஃபின் போலீஸ் ஆளோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தேன். பாதமெல்லாம் கொப்புளம்.

“எங்கம்மா போகப் பாத்த?”

“பார்லோவுக்கு. இந்த வழிதானே?”

எதிர்த்திசையில் நடந்திருக்கிறாள். நான் சொல்லவில்லை. ஷெரிஃபின் ஆள் சொல்லிவிட்டார். அவள் தலையை மேஜையில் வைத்துப் படுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க ஜட்ஜ்கிட்ட சொன்னீங்களா?” என்றாள்.

“சொன்னேன்.”

“நல்லா சொன்னீங்களா?”

எனக்கு எதுவும் சரியில்லை, கார்லீன்.

நெல்டா

*

மகளிர் சிறை
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்கு மன்னித்துக்கொள். கோபம் ஒன்றும் இல்லை. இங்கே வெயில் ஆளைக் கொல்கிறது. சலவைக்கூடத்தில் இருவர் மயங்கி விழுந்தார்கள். நான் திடமாக இருக்கிறேன். ராய் அத்தானிடம் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கச் சொல், தொண்டைக்கு நல்லது.

என் மேல் கட்டிலுக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். அமைதியானவள்.

உன் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்? பெரியவள் இப்போது சாப்பிடுகிறாளா? சின்னவன் காதில் சீழ் வடிவது நின்றதா? குளிக்க வைக்கும்போது பஞ்சில் வாசலின் தடவி அடைக்க வேண்டும், பெர்னீஸ் அம்மாளுக்குத் தெரியுமா? கேட்டு எழுது. மறக்காமல் எழுது.

கார்லீன்

*

பார்லோ நகர்
ஆகஸ்ட் 19

கார்லீன்,

காதைப் பற்றி நான் உனக்கு எழுதவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உனக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். எழுதவில்லை. அவனுக்குக் காதில் சீழ் என்பது எனக்கே போன மாதம்தான் தெரியும். மாவட்டச் சிறையில் இடம் போதாமல் அந்த அம்மாவை மாற்றிவிட்டார்கள் என்று நேற்று விசாரித்துத்தான் தெரிந்துகொண்டேன். எங்கே என்றும் சொன்னார்கள்.

பதில் எழுதாதே. நம் கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள் என்று உனக்கே தெரியும். நான் உனக்கு ஒரு வார்த்தை எழுதியிருக்கக் கூடாது. பெயர் எழுதாவிட்டால் போதும் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வெளியே தெரிந்தால் என்னை இந்த வழக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் அந்தப் பிள்ளைகளை ஒன்றாகப் பார்க்க ஒரு ஆள் இருக்காது.

அக்டோபரில் விசாரணை. தாயின் உரிமையை நீக்கச் சொல்லித் துறை கேட்கப் போகிறது. சின்னவனை பெர்னீஸ் எடுத்துக்கொள்வாள். பெரியவளுக்கு யாரும் இல்லை.

ஒரே ஒரு வழி தென்படுகிறது. இரண்டு மாவட்டம் தள்ளி ஒரு தம்பதி. அவர் மர ஆலையில், மனைவி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். போய்ப் பார்த்தேன். இருவரையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். ஆனால் முன்பு ஒரு பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுத்து நொறுங்கிப் போனவர்கள். சட்டப்படி இனி யாரும் வந்து கேட்க முடியாது என்றால்தான் வருவார்கள். அந்த அம்மா எதிர்த்து வழக்காடினால் அடுத்த கோடை வரை இழுக்கும். அதற்குள் இந்தத் தம்பதி வேறு பிள்ளைகளை எடுத்திருப்பார்கள், சின்னவன் பெர்னீஸோடு ஊறிப்போயிருப்பான். அவளாகவே முன்வந்து கையெழுத்துப் போட்டால்தான் வழி.

இதை நான் உன்னிடம் சொல்லக் கூடாது. இதை நீ யாரிடமும் சொல்லாதே.

நெல்டா

*

மகளிர் சிறை
செப்டம்பர் 5

நெல்டா,

யாரிடமும் சொல்லாதே என்று எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? சொல்ல வேண்டாம் என்றால் எழுதாமல் இருந்திருப்பாய். இந்த வேலையை என் தலையில் கட்டுகிறாய், அதையும் நேரே கேட்கமாட்டாய். முத்துத் தோட்டுக்காரிகூட நேரே கேட்டாள்.

மேல் கட்டிலுக்கு அவள் வந்த வாரமே எனக்குத் தெரியும். போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது, “எம் பொண்ணு தம்பி ஷூவ வெச்சிக்கிட்டுத்தான் தூங்குவா” என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குக் கை நின்றுவிட்டது. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. உனக்கு எழுதினால் அவளுக்குத் துரோகம், அவளிடம் சொன்னால் உனக்குத் துரோகம். இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு மேல் கட்டில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்த பிறகு நான் சோறு இறங்காமல் கிடந்ததைப் பார்த்து அவளே கேட்டாள். சலவைக்கூடத்தில் இயந்திரச் சத்தத்துக்கு நடுவே எல்லாம் சொல்லிவிட்டேன். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. உட்கார்ந்துவிட்டாள்.

“நீ கையெழுத்துப் போட்டியா?” என்றாள்.

“போடல. கடைசி வரைக்கும் சண்ட போட்டேன்.”

“அப்புறம்?”

“தோத்துட்டேன். ரெண்டு பேரும் போயிட்டாங்க.”

“சேந்தா போனாங்க?”

இதுவரை என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை, அக்கா. நீயும் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் தெரியுமா? “தெரியாதுடி” என்றேன். “ஒரே வீட்டுலயா, வேற வேற வீட்டுலயான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.”

அவள் ஒரு போர்வையை எடுத்து மடியில் போட்டு மடித்தாள். பிறகு, “கையெழுத்துப் போட்டா நிச்சயமா சேந்து இருப்பாங்களா? உங்கக்காகிட்ட கேட்டுச் சொல்லு” என்றாள்.

கேட்டுவிட்டேன். உண்மையை எழுது. எனக்கு ஆறுதல் சொல்வது போல் எழுதினால், இனி ஜன்மத்துக்கும் உனக்கு எழுதமாட்டேன்.

கார்லீன்

*

பார்லோ நகர்
செப்டம்பர் 14

என் தங்கை கார்லீனுக்கு,

நிச்சயம் இல்லை.

அவள் கையெழுத்துப் போட்ட பிறகு பிள்ளைகள் எங்கே போவது என்பது அவள் கையில் இல்லை. நீதிபதி பெர்னீஸ் பக்கம் சாயலாம். அந்தத் தம்பதி கடைசி நிமிஷத்தில் பின்வாங்கலாம். எடுத்த பிறகு பெரியவளைச் சமாளிக்க முடியாமல் திருப்பிக்கூட அனுப்பலாம். சேர்த்து வைப்போம் என்று எந்தத் தாளும் வாக்குக் கொடுக்காது. சேர்ந்து இருக்க ஒரு வாய்ப்பு இருக்கிறது, அதற்கு மேல் இல்லை. இதை இப்படியே அவளிடம் சொல். ஒரு சொல்லும் கூட்டாதே.

நீ திட்டியது சரி. நேரே கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் வாயை மூடியிருக்க வேண்டும்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் ஜெரால்டினிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உனக்கு எழுதிவந்ததை, நீங்கள் ஒரே அறையில் இருப்பதை, எல்லாம். பிற்பாடு தெரியவந்தால் அவள் போட்ட கையெழுத்தே செல்லாது என்று யாராவது கிளம்புவார்கள், பிள்ளைகள் மறுபடி அலைவார்கள் என்று பயந்தேன். ஜெரால்டின் கத்தவில்லை. “நீதிபதிக்கு நான் தெரியப்படுத்தணும். நீ விலகணும், நெல்டா. அந்தப் புள்ளைங்களப் போய்ப் பாக்கக் கூடாது” என்றாள். என் அறிக்கையை அவளே எடுத்துக்கொண்டு போவாள்.

பெரியவளிடம் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட விடவில்லை.

நெல்டா

*

பார்லோ நகர்
அக்டோபர் 15

கார்லீன்,

நலமா? அவள் திரும்பி வந்துவிட்டாளா? விசாரணையில் உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. நீதிமன்றத் தாழ்வாரத்தில் சோடா இயந்திரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், அதை யாரும் தடுக்க முடியாது. எதிர் பெஞ்சில் பெர்னீஸ். அவளையும் விசாரணை பாதியில் வெளியே அனுப்பியிருந்தார்கள். கைக்குட்டையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

மதியம் கதவு திறந்தது. பெரியவள் வந்தாள். சின்னவன் கையை மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். பின்னால் அந்தத் தம்பதி. மனைவி எந்தக் கையையும் பிடிக்க முயற்சி செய்யவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பெரியவள் என் முன்னால் நின்றாள். “நீங்க ஏன் உள்ள வரல?”

“வரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கம்மா.”

“நான் ஏதாச்சும் தப்பு பண்ணேனா?”

“இல்லடா. நான்தான் பண்ணேன்.”

அவள் யோசித்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். “இவன் ஒண்ணுக்குப் போகணும்ங்குறான். எங்க இருக்கு?” என்றாள்.

கையை நீட்டிக் காட்டினேன். போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நான் கடைசியாகச் செய்தது அதுதான், கார்லீன்.

நெல்டா

*

மகளிர் சிறை
அக்டோபர் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை. சூப் மட்டும் கொஞ்சம் குடிக்கிறாள். நேற்றுதான் பேசினாள். சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இனி மறைக்க உனக்கும் எனக்கும் என்ன இருக்கிறது? படிப்பவர்கள் படிக்கட்டும்.

நீ எழுதிய உண்மையை அவளிடம் அப்படியே சொன்னேன். கூட்டவில்லை. கேட்டுவிட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. விசாரணைக்குப் போகிற காலையில் என் முன்னால் வந்து உட்கார்ந்து, “சடை போட்டு விடு. பொண்ணு பாக்குறப்ப நல்லா இருக்கணும்” என்றாள். இறுக்கமாகப் பின்னிவிட்டேன். காலில் சங்கிலி போட்டுக் கூட்டிப் போனார்கள்.

அங்கே நீதிபதி அம்மா கேட்டாராம். “இந்தக் கையெழுத்துக்காக யாராச்சும் உனக்கு எதாச்சும் வாக்குக் குடுத்தாங்களா?”

“இல்லீங்கம்மா. யாரும் ஒரு வாக்கும் குடுக்கல.”

“புள்ளைங்க சேந்து இருப்பாங்கன்னு சொன்னாங்களா?”

“சேந்து இல்லாமப் போனாலும் போகலாம்னுதான் சொன்னாங்க.”

நீதிபதி அம்மா கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டாராம். நீ ஒரு பொய் சொல்லி அனுப்பியிருந்தால் இவள் அங்கே சத்தியம் பண்ணிப் பொய் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவாவது உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

பிறகு பெரியவளைக் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குப் போக இஷ்டமா என்று. “எங்கம்மா சொன்னாத்தான் போவேன்” என்றாளாம். அறையே இவளைத் திரும்பிப் பார்த்தது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, சட்டப்படி இவள் இனி யாரும் இல்லை. துறை வக்கீல் எழுந்து ஏதோ சொல்லப் போனார். நீதிபதி அம்மா கையைக் காட்டி உட்கார வைத்துவிட்டு, “சொல்லும்மா” என்றார்.

“ஜன்னலப் பாக்கல” என்றாள் என்னிடம். “அவ மொகத்தையே பாத்தேன். ‘போடி. அவனையும் கூட்டிக்கிட்டுப் போ’ன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘அவன் காது?’ன்னா. அந்தப் பொம்பள எந்திரிச்சு, ‘பஞ்சும் வாசலினும் வாங்கி வெச்சிருக்கேன்’னுச்சு. அப்புறந்தான் அவ அந்தப் பொம்பளயத் திரும்பிப் பாத்தா.”

இதைச் சொல்லிவிட்டுச் சுவரோடு திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து, “சின்னவனுக்கு எம் மொகம் மறந்துடும்ல?” என்றாள்.

“மறந்துடும்” என்றேன். “மூணு வயசு. மறந்துடும். ஆனா அவளுக்கு மறக்காது. கூடவே இருக்கால்ல, அவ சொல்லிக்குடுப்பா.”

அதைக் கேட்டு அவள் கொஞ்சம் தூங்கினாள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ப்ரெண்ட் பெரியவன், அக்கா. கோடி கைக்குழந்தை. என்னைப் பற்றி ப்ரெண்ட் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருப்பான் என்று இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சேர்ந்து இருந்தால்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

உன் தங்கை
கார்லீன்